சுண்டுவிரலும் கொன்ட்ரோல் கீயும்

கழுத்துப் பட்டியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டாகிவிட்டது. குரலும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. காண்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "உண்மையா உங்களுக்கு என்னதான் வந்துச்சு?" குண்டசாலை பஸ்ஸில் கேட்கிறார்கள், பாண் வாங்கப் போன இடத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கொஞ்சம் பேசினால் தொண்டை கரகரத்து நின்றுவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். என்னைப்போலக் கீபோர்டை நம்பிப் பிழைக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் நல்லது.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். நான் பட்டம் வாங்கினவன் இல்லை. புசல்லாவையில் பள்ளிக்கூடத்தை முடித்து, கண்டி டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் பெட்டி தூக்கி, பார்த்துப் பார்த்துப் பழகினவன். இப்போது சில கடைகளின் சேர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். சேர்வர் என்பது அந்தக் கடைகளின் பில்லும் சரக்குக் கணக்கும் ஓடுகிற கொம்பியூட்டர். அது கடையில் இருக்காது, வெளிநாட்டில் எங்கேயோ குளிரூட்டிய அறையில் வாடகைக்கு இருக்கும். நான் இங்கிருந்து கட்டளையை எழுதினால் அது அங்கே செய்யும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸும் கிடையாது, படமும் கிடையாது. அதற்கு டெர்மினல் என்று பேர்.

லெப்டொப்பின் பாரம் எனக்குச் சரிவரவில்லை. கையகலத் தொடுதிரை டெப் ஒன்றை வாங்கி, இரண்டாக மடிகிற சின்னக் கீபோர்டொன்றை அதனோடு சேர்த்துக்கொண்டேன். பையில் இருப்பதே தெரியாது. கம்பளை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன், ஓட்டோவின் பின் ஸீட்டிலும் செய்திருக்கிறேன். மடியில் எதையோ வைத்துக் குனிந்து தட்டிக்கொண்டிருந்த ஒருவனை அந்தப் பக்கம் கண்டிருந்தீர்களானால் அது அநேகமாக நான்தான்.

டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றுமே விழாது. ஒரு புள்ளிகூட விழாது. விரலை நம்பி அடித்துவிட்டு என்டரைத் தட்டவேண்டும். ஒருநாள் சேர்வர் என்னை உள்ளே விடவில்லை. மறுபடி அடித்தேன், விடவில்லை. சில தடவை பிழையாக அடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடு என்று அதற்குச் சட்டம் போட்டுவைத்தவனும் நானே. வெளியே நின்று யோசித்ததில், கீபோர்டின் இடது ஓரம் பழுதாகிவிட்டது என்று முடிவெடுத்தேன்.

வாங்கின கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு வேலை செய்யுதில்லையே."

"நீங்க தட்டுற மாதிரி தட்டினா எதுவும் வேலை செய்யாது. தடவிக் குடுக்கிறீங்க."

அவர் சொன்னதை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு இன்னொரு கீபோர்டை வாங்கினேன். அதுவும் அப்படியே செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் தொழில்காரனுக்கு மட்டும் நடக்கக்கூடியது. மற்றவர்களாக இருந்தால் விரலைப் பார்த்திருப்பார்கள். நான் விசையை மாற்றினேன். கடவுச்சொல்லையே எடுத்துவிட்டு, டெப்பிலேயே ஒரு சாவிக் கோப்பை வைத்து, கேள்வி கேட்காமல் உள்ளே போகிற மாதிரி ஆக்கினேன். அடுத்தது கொன்ட்ரோல் கீ. ஓடுகிற வேலையை நிறுத்துவதற்கும் எடிட்டரில் அங்கே இங்கே போவதற்கும் எங்களுக்கு அது இல்லாமல் கை ஓடாது. கீபோர்டின் இடது கீழ் மூலையில் இருக்கும், இடது சுண்டுவிரலால் அமுக்கவேண்டும். அது எட்டவில்லை என்று, கேப்ஸ் லொக் இருக்கிற இடத்துக்கு அதைத் தூக்கினேன். கொஞ்ச நாளில் அங்கேயும் விரல் நிற்கவில்லை. ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் கொண்டுவந்து கட்டைவிரலுக்குக் கொடுத்தேன். பிறகு எழுத்துகள் இரண்டு மூன்றாக விழத் தொடங்கின. அமுக்குகிற விரல் நேரத்துக்கு எழும்பவில்லை. செட்டிங்ஸுக்குப் போய், அமுக்கிப் பிடித்தால் எழுத்து திரும்பத் திரும்ப விழுகிற வசதியையே நிறுத்திவிட்டேன். கடைசியில் என்டருக்குத் திரையில் ஒரு பட்டன் வைத்து விரல் முட்டியால் தட்டினேன். ஒவ்வொன்றையும் செய்து முடித்தபோது எனக்கு ஒரு திருப்தி, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலை ஒருநாளும் நிற்கவில்லை.

என் மனைவி புஷ்பா நகரசபையில் கிளார்க். அவள் கவனித்தது கீபோர்டை இல்லை, செருப்பை.

"என்னங்க, இடது செருப்பு வாசல்லயே நிக்குது. நீங்க உள்ள வந்துட்டீங்க."

"கழண்டிருக்கும்."

"கழண்டது தெரியாமலா வந்தீங்க?"

தெரியாமல்தான் வந்திருந்தேன். சட்டைப் பொத்தானும் அந்தக் காலத்தில்தான் மக்கர் செய்தது. அவள் வந்து பூட்டிவிட்டுப் போவாள். பிறகு ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கால் படியில் இருக்கிறதென்று நினைத்தேன், இருக்கவில்லை. விழுந்தேன். பெரிய அடியில்லை. ஆனால் எழும்ப மற்றவர்கள் பிடிக்கவேண்டியிருந்தது. அங்கிருந்து ஓட்டோவில் கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் எலும்பைப் பார்த்துவிட்டு, நடையைப் பார்த்தார்கள். நடையைப் பார்த்ததும் வாட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

பரிசோதனைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பாதி விளையாட்டு மாதிரித்தான். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார்கள். கால் துள்ளியது, தேவைக்கு மேலேயே துள்ளியது. நடுவிரலின் நகத்தைச் சுண்டிவிட்டார்கள். கட்டைவிரல் தானாக மடங்கியது, அது மடங்கக்கூடாதாம். கையை நீட்டி விரல்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். இடது சுண்டுவிரல் மட்டும் தன்பாட்டில் விலகிப் போனது. கையை வேகமாகப் பொத்தி விரிக்கச் சொன்னார்கள். பொத்துவது சுகமாக நடந்தது, விரிப்பதுதான் சுணங்கியது. எழுத்து ஏன் இரண்டு மூன்றாக விழுந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் கீபோர்டு கதையை அவர்களிடம் சொல்லவில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் காத்திருந்த இடம் ஒரு நீளமான நடைபாதை. கதிரைகள் சுவரோடு இருந்தன. பேர் கூப்பிடுகிறவர் சிங்களத்தில் கூப்பிடுவார், தமிழ்ப் பேர்கள் அவர் வாயில் வேறு ஆளின் பேராகிவிடும். அதனால் யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் அரைவாசி எழும்பி உட்கார்ந்தோம். மெஷினுக்குள் இருக்கும்போது ஆணி அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். வலி கிடையாது. அசையாமல் இருப்பதுதான் வேலை.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தமிழிலேயே ஆறுதலாக விளக்கினார். முள்ளந்தண்டுக்குள்ளே மூளையிலிருந்து கீழே போகிற நரம்புக் கயிறு ஒன்று இருக்கிறது. எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. என் கழுத்தில் ஒரு வட்டு பின்பக்கம் பிதுங்கி அந்தக் கயிற்றை நெரித்துக்கொண்டிருந்தது. கை விரல்களுக்கும் காலுக்கும் போகிற செய்தி அந்த இடத்தில்தான் தடைப்படுகிறது.

"டெப்பைக் குனிஞ்சு பார்த்ததாலயா, மிஸ்?" என்று புஷ்பா கேட்டாள்.

"அதால மட்டும் வராது. வயசும் இருக்கு, இவருக்கு உள்ளுக்குப் பிறப்பிலேயே இடம் குறைவு. ஆனா குனிஞ்சது உதவி செய்யவும் இல்லை."

ஒபரேஷன் செய்யவேண்டும் என்றார். செய்தால் கை பழையபடி வருமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "போனது வரும்னு நான் சொல்ல மாட்டேன். இனி போறதை நிப்பாட்டலாம். எவ்வளவு சுணங்குதோ அவ்வளவுக்குத் திரும்பி வர்றது குறையும்."

எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். கொஞ்சக் காலமாக, ஆனால் ஒரேமாதிரித்தான் இருக்கிறது, கூடவில்லை என்று சொன்னேன். பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நோய் கூடாமல் இருக்கிறவர்களுக்கு ஒபரேஷன் வரிசையில் இடம் தள்ளித்தான் கிடைக்கும். வீட்டுக்குப் போய் இருங்கள், முறை வரும்போது கூப்பிடுகிறோம் என்று முடிவானது. கழுத்துக்குள் வைக்கிற தகடும் திருகாணியும் வெளியில் வாங்கவேண்டும் என்றார்கள். அதற்கான காசுக்குப் புஷ்பாவின் தம்பியிடம் பேசிக்கொண்டோம், அவனும் மறுபேச்சில்லாமல் சரி என்றான். மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ராமையா அண்ணன். புசல்லாவைப் பக்கம் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். முதுகு ஒபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வாட்டையே பஸ் மாதிரித்தான் நடத்தினார். பார்க்க வருகிறவர்கள் வழியில் நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, ஜன்னல் பக்கம் எடம் இருக்கு" என்பார். அவர் சொல்வதையெல்லாம் நான் மனதில் எழுதிக்கொண்டேன். மனிதர் வாயில் தானாக வருகிற வார்த்தைக்கு நான் அடிமை. "வாட்டுல சும்மா படுத்துக் கெடக்கிறது லேசுன்னு நெனச்சேன் தம்பி. பத்து ட்ரிப் அடிச்ச அலுப்பு வருது" என்று ஒருநாள் சொன்னார்.

துண்டு வெட்டுவதற்கு முதல்நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், கம்பளையிலிருந்து ரிபாய் நானா போன் எடுத்தார். மொத்தச் சாமான் கடை வைத்திருக்கிறவர், என்னுடைய பழைய வாடிக்கையாளர்.

"தம்பி, சுகமா ஈக்கிறீங்களா? உங்களக் கரச்சல் படுத்த விருப்பமில்ல. பில் மெஷின் நிண்டுட்டு. லொறி ரெண்டு வாசல்ல நிக்குது."

எனக்கு விளங்கிவிட்டது. சேர்வரில் இடம் நிரம்பியிருக்கும். பழைய கணக்குப் பிரதிகளை அழித்தால் சரிவரும். டெப்பைக் கட்டில் மேசையில் விரித்தேன். விழுந்த அன்றிலிருந்து அதைத் தொட்டிருக்கவில்லை. ஒரு சொல்லை அடிக்கப் போனேன். இடது கை கீபோர்டின் மேல் ஈரத் துணி மாதிரிக் கிடந்தது. வலது கையும் தேடித் தேடித்தான் தொட்டது. புஷ்பா அருகில் நின்று பார்த்தாள்.

"தள்ளுங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அவள் டைப்பிங் வகுப்புக்குப் போய், பத்து விரலாலும் ஒழுங்காகப் படித்தவள். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பாள். நான் சொன்னேன், அவள் அடித்தாள். ராமையா அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வெறும் எழுத்தாவே ஓடுது. படம் வராதா?"

"வந்தா உங்களுக்குச் சொல்றேன் அண்ணே."

எதில் இடம் போயிருக்கிறது என்று தேடுகிற கட்டளை ஓடிக்கொண்டே போனது. நிறுத்து, கொன்ட்ரோலும் சி-யும் என்றேன். அவள் சுண்டுவிரலை மூலைக்குக் கொண்டுபோய் அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நிக்கலையே."

"கொன்ட்ரோல் அங்க இல்ல. ஸ்பேஸுக்கு வலப்பக்கம் வச்சிருக்கேன்."

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். வலப்பக்கத்தில் அமுக்கினாள், நின்றது. அடுத்து ஒரு சொல் பிழைத்தது. அழிப்பதற்கு விசையை அமுக்கிப் பிடித்தாள். ஒரே ஒரு எழுத்துதான் போனது.

"இது ஏன் போகுதில்ல?"

"பிடிச்சா போகாது. ஒவ்வொண்ணாத் தட்டணும். அதையும் நிப்பாட்டியிருக்கேன்."

"ஏன்?"

"எழுத்து ரெண்டு மூணா விழுந்துச்சு."

"இதை எப்ப நிப்பாட்டினீங்க?"

"ஆடி மாசம்."

"கொன்ட்ரோலை?"

"அதுக்கு முன்ன."

"முன்னன்னா?"

"முதல்ல கேப்ஸ் லொக்குக்கு மாத்தினது தைப்பொங்கலுக்குப் பிறகு. இங்க கொண்டுவந்தது வெசாக் மட்டுல."

"என்டர்?"

"அது இப்ப. விழுறதுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்ன."

அவள் மிச்ச வேலைக்குத் திரும்பினாள். அழிக்கிற கட்டளைக்கு வந்தபோது மட்டும் கையை எடுத்துக்கொண்டாள். "இது எதை அழிக்குதுன்னு சொல்லாம நான் அமுக்க மாட்டேன்" என்றாள். சொன்னேன். இன்னொரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள். அதன்பிறகுதான் அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் ரிபாய் நானா போன் எடுத்தார். "பில் வருது தம்பி. நீங்க இனி ஒண்டும் யோசிக்காதீங்க, ஒங்கட கையப் பாருங்க." புஷ்பா அழிக்கத் தயங்கியதை நான் சொன்னபோது, "தங்கச்சி செஞ்சதுதான் சரி" என்று சிரித்தார்.

டெப்பை மூடி வைத்துவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டொக்டர்கிட்ட ஒரேமாதிரித்தான் இருக்குன்னு சொன்னீங்க."

"அப்படித்தான் இருந்துச்சு. வேலை நிக்கல்லியே."

"வேலை நிக்காம இருக்கத்தானே ஒவ்வொண்ணா மாத்தினீங்க."

என் கை இறங்கி இறங்கிப் போயிருக்கிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நான் தரையை அந்தப் படிக்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். அதனால்தான் இறங்கினது தெரியவில்லை. கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

பார்வையாளர் நேரம் முடிந்தும் அவள் போகவில்லை. வாட்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து, நேரம் சரி, போங்கள் என்றார். "டொக்டரைப் பார்த்திட்டுப் போறேன் மிஸ்ஸி" என்று வாசலில் போய் நின்றுகொண்டாள். டொக்டர் வந்ததும் நடைபாதையிலேயே வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாளாம். தையில் இது, வெசாக்கில் இது, ஆடியில் இது, விழுவதற்குக் கொஞ்சம் முன் இது. டொக்டர் கட்டிலுக்கு வந்து என் கையை மறுபடி விரிக்கச் சொன்னார்.

"படிப்படியா இறங்கியிருக்கு. கடைசிப் படிகள் கிட்டக் கிட்ட வந்திருக்கு. இதை நீங்க முதல்லயே எனக்குச் சொல்லியிருக்கணும்."

வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. வந்த முதல் ஒபரேஷன் நாளிலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

செய்கிற விதம் இப்படி. கழுத்தின் முன்பக்கத்தில் சின்னதாக வெட்டி, மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிதுங்கின வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துத் தகட்டால் பூட்டுவார்கள். போகிற வழியில் குரலுக்குப் போகிற நரம்பும் இருக்கிறது. அது கொஞ்சம் இழுபட்டால் குரல் அடைக்கும், அநேகமாகத் திரும்பி வரும், சிலருக்கு வராமலும் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். பேசாமல் இருக்கமுடியாத மனிதன் நான். பேனையைப் பிடிக்கவும் கை சரிவரவில்லை. புஷ்பா என் கைக்கு மேலே தன் கையை வைத்துப் பிடித்தாள், கையெழுத்துப் போட்டேன். பயம் இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் அன்று அது வேறு யாருக்கோ இருக்கிற பயம் மாதிரித் தள்ளி நின்றது.

கண் விழித்தபோது கழுத்தில் பட்டி, தொண்டையில் முள். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. முதலில் அசைத்துப் பார்த்தது வலது கையை. விரிந்தது. முந்தியைவிடச் சீக்கிரமாக விரிந்தது. இடது கையை அன்று அசைத்துப் பார்க்கவில்லை.

வாட்டுக்குத் திரும்பின நாட்களில் நான் வெறும் கேட்கிறவன் ஆனேன். விழுங்க முடியாததால் கஞ்சிதான். புஷ்பா வேலைக்குப் போகுமுன் பிளாஸ்க்கில் கொண்டுவந்து, கரண்டியை என் வலது கையில் கொடுத்துவிட்டு, சிந்தினாலும் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். துடைத்தால் நான் கையை இறக்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ரிபாய் நானாவின் வீட்டிலிருந்து ஒருநாள் சூப் வந்தது. ராமையா அண்ணன் துண்டு வெட்டிப் போகும்போது என் கட்டிலடியில் நின்றார்.

"தம்பி பேச்ச நிப்பாட்டின பெறகுதான் இந்த வாட்டுல ஃபேன் சுத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சீக்கிரம் பேசுங்க."

வீட்டுக்கு வந்தபின் பயிற்சி. பச்சைப் பயறையும் கடலையையும் கலந்து ஒரு தட்டில் போட்டு, விரலால் பொறுக்கிப் பிரிக்கவேண்டும். முதலில் கடலை மட்டும் வந்தது. பிறகு பயறும் வந்தது. கால் நேராக விழத் தொடங்கியது, செருப்பு காலோடு வீட்டுக்குள் வந்தது. குரல் கரகரவென்று, பிறகு கொஞ்சம் திருத்தமாக. இடது கையில் மூன்று விரல்கள் நல்ல மாதிரி. மோதிரவிரல் அரைகுறை. சுண்டுவிரல் இன்னும் விலகித்தான் நின்றது.

புஷ்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை டெப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாத்தினது எல்லாத்தையும் பழையபடி வைங்க."

"வச்சா வேலை செய்ய முடியாதே."

"வேலை செய்றதுக்குச் சொல்லல்ல. எது வருது, எது வரல்லன்னு தெரியணும். எனக்கும் தெரியணும்."

வைத்தேன். அமுக்கிப் பிடித்தால் எழுத்து மறுபடி விழுகிற மாதிரி, என்டர் அதன் இடத்தில், கொன்ட்ரோல் மூலையில். தினமும் கொஞ்ச நேரம் அப்படியே அடிப்பேன், அவள் பக்கத்தில் இருப்பாள். எழுத்து இரண்டாக விழுவது நின்றது. என்டர் சரிவந்தது. மூலைக்கு மட்டும் விரல் போகவில்லை. கையையே தூக்கிக் கொண்டுபோய் வைத்தாலும் அமுக்க வலுவில்லை.

கடைசிக் கிளினிக்கில் டொக்டர் என் விரல்களைச் சேர்த்துவைக்கச் சொல்லிப் பார்த்தார். சுண்டுவிரலை ஒருதரம் தொட்டார். "இது இப்படித்தான் இருக்கும். மற்றது போகாது." நான் சரி என்றேன். புஷ்பாவும் சரி என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வேறு கதை பேசினோம்.

வீட்டுக்கு வந்து கொன்ட்ரோலை மறுபடி ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் கொண்டுவந்தேன். இந்தமுறை அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் செய்தேன். கை அலுக்கிற நாட்களில் கம்பளை வேலையை இப்போது அவள்தான் அடிக்கிறாள், நான் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு வேண்டுமானால் மூலையிலும் ஒன்று வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அடுத்த தடவை அடிக்கும்போது, ஒழுங்காகப் படித்த அவளுடைய சுண்டுவிரல் பழக்கத்தில் மூலைக்குத்தான் போனது. அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, கட்டைவிரலை வலப்பக்கத்தில் வைத்து, மறுபடி முதலிலிருந்து அடித்தாள்.